ஹேர் ஸ்பிரிங் அறுந்தால் ஒட்டலாமா?

சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் நின்றுவிட்டால் கடைக்கு வருகிறவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: "ஸ்பிரிங் போயிடுச்சு." எந்த ஸ்பிரிங் என்று கேட்டால் பதில் வராது. கடிகாரத்துக்குள் ஒரே ஒரு ஸ்பிரிங் இருப்பதாகத்தான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உள்ளே முக்கியமானவை இரண்டு. இரண்டும் செய்யும் வேலை வேறு, பழுதாகும் விதம் வேறு, பழுது பார்க்க ஆகும் செலவும் வேறு.

தீபாவளிக்கு முன்பு வீட்டைச் சுத்தம் செய்யும்போது அலமாரியின் அடித்தட்டிலிருந்து தாத்தாவின் கடிகாரமோ அப்பாவின் கடிகாரமோ வெளியே வரும். பிள்ளைகள் அதைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். பழைய கடிகாரம் கட்டுவது இப்போது இளைஞர்களிடம் ஒரு விருப்பமாகவே வளர்ந்திருக்கிறது. ஆகவே இந்த வாரம் அந்த இரண்டாவது ஸ்பிரிங்கைப் பற்றி, அதாவது ஹேர் ஸ்பிரிங்கைப் பற்றி எழுதுகிறேன். கிள்ளானில் கடிகார மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வியும் அதைப் பற்றியதுதான்.

முதல் ஸ்பிரிங்கின் பெயர் மெயின் ஸ்பிரிங். நாம் சாவி கொடுக்கும்போது சுருண்டு இறுகுவது அதுதான். அது வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி, ஓடுவதற்கான சக்தி அங்கிருந்து வருகிறது. சாவியைத் திருகத் திருக இறுக்கமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது என்று பொருள். புதிதாகப் போட்டுவிடலாம், பெரிய விஷயமில்லை.

ஹேர் ஸ்பிரிங் வேறு ரகம். கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தால் ஒரு சின்னச் சக்கரம் இடமும் வலமும் ஆடிக்கொண்டிருக்கும். அதற்குப் பேலன்ஸ் வீல் என்று பெயர். அதன் நடுவில் கொசுவர்த்திச் சுருள் போல் சுற்றியிருக்கும் மெல்லிய உலோக இழைதான் ஹேர் ஸ்பிரிங். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு அளவு இருக்கும். நம் தலைமுடி அதைவிடத் தடிப்பானது. உள்நுனி சக்கரத்தின் அச்சோடும், வெளிநுனி கடிகாரத்தின் உடலோடும் பிணைக்கப்பட்டிருக்கும். சக்கரம் ஒரு பக்கம் திரும்பினால் சுருள் அதைப் பின்னுக்கு இழுக்கும்; மறுபக்கம் போனால் மறுபடி இழுக்கும். ஊஞ்சலைப் புவியீர்ப்பு இழுப்பது போல, இங்கே சுருள் இழுக்கிறது.

பழைய சாவிக் கடிகாரங்களில் இந்த ஆட்டம் விநாடிக்கு 5 முறை நடக்கும். ஒரு மணி நேரத்துக்கு 18,000. ஒரு நாளைக்கு 4,32,000. சீக்கோ 5 போன்ற ஆட்டோமேட்டிக் கடிகாரங்கள் பலவற்றில் மணிக்கு 21,600. வருடக்கணக்கில் ஓய்வில்லாமல் இந்த ஆட்டத்தை ஒரே சீராக வைத்திருப்பது அந்த இழைதான்.

1675-ல் கிறிஸ்டியான் ஹைகென்ஸ் என்ற டச்சு விஞ்ஞானி இந்தச் சுருளைக் கடிகாரத்தில் பொருத்தும் வழியை வெளியிட்டார். பாரிஸைச் சேர்ந்த கடிகாரக் கைவினைஞர் ஐசக் துரே அதைச் செய்து கொடுத்தார். யோசனை தன்னுடையது என்று இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் சண்டைக்கு வந்தார். அந்த வழக்கு ஒருபுறமிருக்க, பலன் பெரியது. அதற்கு முன் சட்டைப்பைக் கடிகாரம் ஒரு நாளில் மணிக்கணக்கில்கூடத் தவறும். சுருள் வந்த பிறகு தவறு நிமிடக் கணக்காகச் சுருங்கியது. நிமிட முள் வைப்பதில் அர்த்தம் வந்தது அதன் பிறகுதான்.

நம் குடும்பங்களில் கடிகாரம் வெறும் நகையாக வந்ததில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஊழியர்களின் பேட்டை. நம்மவர்கள் நிலையத்திலும் தண்டவாளத்திலும் வேலை பார்த்த காலத்தில் நேரம் தவறுவது என்பது ஆபத்து. 1891-ல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் கிப்டன் என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதிக்கொண்டன. ஓட்டுநரின் கடிகாரம் நான்கு நிமிடம் நின்று மறுபடி ஓடியதுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. அதன் பிறகே அங்கே ரயில்வே கடிகாரம் வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் தவறக்கூடாது என்ற விதி பரவியது. தோட்டத்திலோ விடியலில் பெரட்டுக்கு ஆள் சேரும் நேரம் தவறினால் அன்றைய கூலியே போகும். அப்படிப்பட்டவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய பொருள் இது. பேரப்பிள்ளைகள் அதைக் கையில் எடுக்கும்போது குரல் தழைவது எனக்குப் புதிதல்ல.

சரி, கடிகாரம் நின்றுவிட்டது. ஹேர் ஸ்பிரிங் அறுந்துவிட்டது என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். என் அனுபவத்தில் 'அறுந்துபோன' ஹேர் ஸ்பிரிங் என்று வருபவற்றில் பல, அறுந்தவையே அல்ல.

முதல் சந்தேகம் காந்தம். சுருளில் காந்தம் ஏறினால் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் சுருளின் நீளம் குறைந்தது போலாகிவிடும். கடிகாரம் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடும், சிலசமயம் நின்றேவிடும். கைப்பையின் காந்தப் பொத்தான், டேப்லெட் உறை, ஒலிபெருக்கி, காந்தம் வைத்த கைப்பேசி சார்ஜர் எல்லாமே இதைச் செய்யும். இரவில் கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பேசி சார்ஜர் பக்கத்தில் வைப்பது இப்போது பலருக்கும் பழக்கம். காந்தத்தை நீக்கும் கருவியில் வைத்து எடுப்பது ஒரு நிமிட வேலை.

இரண்டாவது எண்ணெய். அதிகமாக விட்ட எண்ணெய் வழிந்து சுருளில் படிந்தாலும் இதே ஒட்டல், இதே வேகம். சுருளுக்கு எண்ணெயே கூடாது. கழுவி உலர்த்தினால் போதும்.

மூன்றாவது சிக்கல். கீழே விழுந்த அதிர்ச்சியில் ஒரு வளையம் தாவி இன்னொன்றின் மேல் மாட்டிக்கொள்ளும். பார்க்க அலங்கோலமாக இருக்கும். ஆனால் நல்ல வெளிச்சமும், கூர்மையான ட்வீசர் இரண்டும், நடுங்காத கையும் இருந்தால் பிரித்துவிடலாம். அவசரக்காரரின் கையில் அகப்பட்டால்தான் அது உண்மையிலேயே பாழாகும்.

உண்மையில் அறுந்ததா என்று எப்படித் தெரியும்? பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சுருள் நல்ல நிலையில் இருந்தால், லேசாகத் தட்டியதும் பேலன்ஸ் வீல் போய்த் திரும்பி வரும். அறுந்திருந்தால் போன இடத்திலேயே கிடக்கும், திரும்பி வர அதை இழுக்க யாருமில்லை. இதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

அறுவதற்கு நம் ஊரில் முதல் காரணம் துரு. பழைய கடிகாரங்களின் சுருள் நீல நிற எஃகு. நம்முடைய வெக்கையும் வியர்வையும் மழைக்கால ஈரமும் அதற்குப் பகை. கண்ணாடி விரிசலிலோ சாவி ஓரத்திலோ ஈரம் உள்ளே போனால், அவ்வளவு மெல்லிய இழையில் ஒரு துருப்புள்ளி விழுந்தாலே போதும், அங்கேயே அறும்.

எஃகுச் சுருளுக்கு இன்னொரு குறையும் உண்டு. சூடு ஏறினால் அதன் விறைப்பு குறையும். ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் நாளொன்றுக்குச் சுமார் 10 விநாடி பின்தங்கும். நண்பகல் வெயிலுக்கும் அலுவலகக் குளிர்சாதனத்துக்கும் இடையே நடமாடும் கோலாலம்பூர்க்காரர் கையில் இது என்ன பாடுபடும் என்று எண்ணிப்பாருங்கள். சூட்டுக்கு அசையாத நிக்கல் எஃகுக் கலவைகளைக் கண்டுபிடித்ததற்காக ஷார்ல் எதுவார் கியோம் 1920-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். அவர் பிறந்தது சுவிட்சர்லாந்தில், ஒரு கடிகாரக்காரக் குடும்பத்தில். பின்னர் 1930-களில் ராய்ன்ஹார்ட் ஸ்ட்ராவ்மன் உருவாக்கிய நிவாரொக்ஸ் என்ற கலவை வந்தது. மாறாதது, துருப்பிடிக்காதது என்ற பொருள் தரும் ஜெர்மன் சொற்களின் சுருக்கமே அந்தப் பெயர்.

இனி தலைப்பில் உள்ள கேள்விக்கு வருவோம். அறுந்த இரண்டு துண்டுகளையும் பற்றவைத்தோ பசை போட்டோ ஒட்ட முடியாதா?

முடியாது. சின்னக் கணக்கு ஒன்று சொன்னால் காரணம் விளங்கும். சுருளின் நீளம் நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் கடிகாரம் நாளுக்கு 7 நிமிடத்துக்கு மேல் வேகமாக ஓடும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒரு மணி நேரத்தையும் தாண்டும். தடிமன் விஷயத்தில் இன்னும் மோசம்: நூற்றில் ஒரு பங்கு கூடினால் நாளுக்கு 21 நிமிடம். பற்றவைத்த இடத்தில் ஒரு முடிச்சு விழும். அங்கே தடிமன் பல மடங்கு கூடும். சூடு பட்ட பகுதியின் துள்ளலும் போய்விடும். எடையும் ஒரு பக்கம் சாயும். கடிகாரம் ஓடலாம், ஆனால் நேரம் காட்டாது. நேரம் காட்டாத கடிகாரத்தைப் பழுது பார்த்ததாக எப்படிச் சொல்வது?

ஒரே ஒரு விலக்கு உண்டு. வெளிநுனியில், பிணைத்திருக்கும் இடத்துக்கு ஒட்டியே ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அறுந்திருந்தால், மீதியை இழுத்து மறுபடி பிணைக்கலாம். கூடும் வேகத்தை வேகம் சரிசெய்யும் சிறு நெம்பை நகர்த்தி ஓரளவு ஈடுகட்டலாம். நடுவிலோ உள்நுனியிலோ அறுந்திருந்தால் அந்த வழியும் இல்லை.

அப்படியானால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் கடையில் நட்டு வாங்குவது போல் ஹேர் ஸ்பிரிங்கைத் தனியாக வாங்கிப் போட்டுவிட முடியாது. ஒவ்வொரு சுருளும் ஒவ்வொரு சக்கரத்துக்கு ஜோடி. சக்கரத்தின் கனத்துக்குச் சுருளின் விறைப்பு பொருந்தினால்தான் விநாடிக்கு 5 ஆட்டம் வரும். அந்தக் காலத்தில் சுவிட்சர்லாந்தில் இந்த ஜோடி சேர்க்கும் வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சரியாக ஆடும் ஒரு மாதிரிச் சக்கரத்தை வைத்துக்கொண்டு, புதிய சுருளோடு தொங்கும் சக்கரத்தை அதற்கு மேலே ஆடவிட்டு, இரண்டும் ஒன்றாக ஆடும்வரை சுருளின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பார்கள். நம் ஊர் ஐந்தடிக் கடைகளில் அதற்கான கருவியும் நேரமும் இல்லை. நாங்கள் செய்வது, அதே ரக இயந்திரமுள்ள இன்னொரு கடிகாரத்திலிருந்து சக்கரத்தையும் சுருளையும் ஜோடியாகவே எடுத்துப் பொருத்துவது.

இங்கேதான் மனசு குறுக்கே வருகிறது.

கே.எல். சென்ட்ரல் அருகே அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், ஒரு சனிக்கிழமை கொமூட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்கு வந்தார். கொண்டுவந்தது எச்.எம்.டி. ஜனதா. அவருடைய அப்பா தமிழ்நாட்டில் பெண் எடுத்தவர்; கல்யாணத்தில் மாமனார் கட்டிவிட்ட கடிகாரம். அப்பா இறந்து இரண்டு வருடம். அம்மா தினமும் அதற்குச் சாவி கொடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவாராம். அது நின்றதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. வேறொரு கடையில் காட்டியபோது, "உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு பேட்டரி இயந்திரம் போட்டுவிடலாம், மலிவு" என்றார்களாம். பேட்டரி போட்டால் சாவி கொடுக்கும் வேலை இருக்காது. தலைமாட்டில் கேட்கும் அந்தச் சத்தமும் இருக்காது.

திறந்து பார்த்தேன். உள்நுனியில் துரு, அறுந்தே போயிருந்தது. மாற்றுவதைத் தவிர வழியில்லை என்றேன்.

"வேற யாரோட வாட்ச்ல இருந்தோ எடுத்துப் போட்டா, அது அப்பா வாட்சா இருக்குமா அங்கிள்?" என்று கேட்டார்.

பின்மூடியின் உட்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொன்னேன். கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் அங்கே ஊசியால் சிறிய குறியும் தேதியும் கீறி வைப்பது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். அதில் மூன்று வெவ்வேறு கைகளின் கீறல்கள் இருந்தன. கண்ணாடி மாற்றியது, சாவி மாற்றியது தெரிந்தது. மெயின் ஸ்பிரிங்கும் பழசுக்குரியதாகத் தோன்றவில்லை. "இதெல்லாம் உங்க அப்பா இருக்கும்போதே மாத்தினது மா. மாத்தின பிறகு இது தன் வாட்ச் இல்லைன்னு அவர் நினைச்சாரா? ஓடணும்னுதானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கார்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "செய்ங்க அங்கிள்" என்றார்.

எச்.எம்.டி. இயந்திரத்தில் ஒரு வசதி உண்டு. இந்திய அரசின் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-ல் பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கடிகாரங்களைச் செய்தது. ஜனதா, பைலட் போன்ற பல சாவிக் கடிகாரங்களுக்கு உள்ளே ஒரே குடும்ப இயந்திரம்தான். கடிகாரப் பிரிவை மூட 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. இனி தொழிற்சாலையிலிருந்து உதிரிப் பாகம் வராது. ஆனால் ஓடாத எச்.எம்.டி. கடிகாரங்கள் வீடுகளில் எத்தனையோ கிடக்கின்றன. என் இழுப்பறையிலும் தண்ணீர் புகுந்து டயல் அழிந்த ஒன்று இருந்தது. அதன் சக்கரமும் சுருளும் பழுதில்லாமல் இருந்தன.

ஜோடியைக் கழற்றிக் கழுவி, மேலிருந்து பார்த்தால் வளையங்கள் சம இடைவெளியிலும், பக்கவாட்டில் பார்த்தால் தட்டையாகவும் இருக்கின்றனவா என்று சரிபார்த்துப் பொருத்தினேன். பிறகு நேரம் அளக்கும் கருவியில் வைத்தேன். அது டிக் டிக் சத்தத்தைக் கேட்டு மூன்று விஷயம் சொல்லும்: நாளுக்கு எத்தனை விநாடி முன்னே பின்னே, சக்கரம் எத்தனை டிகிரி ஆடுகிறது, இடது வலது ஆட்டம் சமமா. முழுச் சாவியில் ஆட்டம் 250 டிகிரிக்கு மேல் இருந்தால் நல்ல ஆரோக்கியம். நாளுக்கு 20 விநாடிக்குள் தவறும்படி கொண்டுவந்தேன். அந்த வயதுக் கடிகாரத்துக்கு அது தாராளம். அறுந்த பழைய சுருளையும் சக்கரத்தையும் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு அந்தப் பெண்ணிடமே கொடுத்தேன். பின்மூடியில் நான்காவது கீறல் என்னுடையது.

புதிய கடிகாரம் வாங்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்போது சில கடிகாரங்களில் சிலிக்கான் சுருள் வருகிறது. படேக் பிலிப் 2006-லேயே அறிமுகப்படுத்திய விஷயம் இது. காந்தம் அண்டாது, துருப்பிடிக்காது. ஆனால் உலோகச் சுருள் கோணினால் நிமிர்த்தலாம், சிலிக்கான் கண்ணாடி போல உடைந்துவிடும். உடைந்தால் அந்த நிறுவனத்திடம்தான் போக வேண்டும். என்னைப் போன்றவர்களின் மேசையில் அதற்கு வேலையில்லை. வாங்கும்போதே எத்தனை வருடம் உதிரிப் பாகம் கொடுப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய கடிகாரத்தைப் பழுது பார்க்கக் கொடுக்கும்போது கேட்க வேண்டியவை நான்கு. காந்தம் சோதித்தீர்களா? அறுந்த இடத்தைக் காட்ட முடியுமா? மாற்றிப் போடும் ஜோடி இதே ரக இயந்திரத்திலிருந்து எடுத்ததா? பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா? வேலை தெரிந்தவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். ஜாலான் துன் சம்பந்தன் பக்கமோ, ஜாலான் தெங்கு கிளானா பக்கமோ, பேரங்காடிக் கடையிலோ, எங்கே கொடுத்தாலும் கேளுங்கள். பேட்டரி மாற்றுவது ஒரு தொழில், இது இன்னொரு தொழில். பேட்டரி இயந்திரம் போடச் சம்மதிப்பதானால்கூட, கழற்றிய பழைய இயந்திரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குப்பைக்குப் போனால் திரும்பாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டில் கண்ணாடி உடைந்து, முள் கழன்று, இனி உதவாது என்று கிடக்கும் சாவிக் கடிகாரம் ஏதாவது இருந்தால் தூக்கி எறியாதீர்கள். உங்களுக்கு வேண்டாமென்றால் பழுது பார்க்கும் கடையில் கொடுத்துவிடுங்கள். தொழிற்சாலை மூடிய பிறகு எங்களுக்கு உதிரிப் பாகம் கிடைக்கும் ஒரே இடம் உங்கள் வீட்டு அலமாரிதான். அதற்குள் இருக்கும் அந்த இழை யாரோ ஒருவருடைய அப்பாவின் கடிகாரத்துக்குப் பொருந்தும்.